நாற்காலியில் உட்கார்ந்த மாடு

“மாடு நின்னுச்சா, உட்கார்ந்துச்சா? அதை முதல்ல சொல்லு.”

மாமியார் இப்படிக் கேட்ட பிறகுதான் ஷான்போருக்குத் தன் தவறு உறைத்தது. கையிலிருந்த அரிசி அடையைத் தட்டில் போட்டான்.

கனவைச் சொல்லியிருக்கக் கூடாது. லும்சாய் ஊரில் வேறு யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அவன் சொல்லலாமா?

அந்த மலையூரில் கனவு என்றால் நம்பர். தினமும் பிற்பகல் மைதானத்தில் வில்லாளிகள் வரிசையாகக் குந்தி, ஒரு வைக்கோல் உருளையின்மேல் அம்பு மழை பொழிவார்கள். தைத்த அம்புகளை எண்ணி, கடைசி இரண்டு இலக்கத்தை அறிவிப்பார்கள். அந்த இரண்டு இலக்கத்தின்மேல்தான் ஊர் முழுக்கச் சீட்டு. விடியற்காலைக் கனவு மத்தியானம் சீட்டாகி, சாயங்காலம் பன்றிக்கறியாகவோ பெருமூச்சாகவோ வீடு வந்து சேரும். சட்டம் அனுமதித்த ஆட்டம். சீட்டு விற்கும் கவுண்டருக்கு லைசென்ஸ், அரசுக்கு வரி எல்லாம் உண்டு. இதையெல்லாம் மேற்பார்வை பார்க்கும் அம்புச் சீட்டு அலுவலகத்தின் இன்ஸ்பெக்டர், சாட்சாத் ஷான்போர்தான்.

“நீங்க கேட்டீங்கன்னு சொன்னேன் மெய். மறந்துடுங்க.”

மெய் என்றால் அம்மா. லும்சாயில் எல்லா மாப்பிள்ளையும் வீட்டோடு மாப்பிள்ளை. மாமியாரை அம்மா என்று கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும். ஊர் அவளை மரியாதையாகக் கோங், அதாவது அக்கா, என்று கூப்பிடும். ஆனால் கோங் சில்டாவைப் பார்த்தால் அம்மா என்பதைவிட மேலதிகாரி என்றுதான் வாய் வரும். பாக்குச் சிவப்பேறிய உதடு, கட்டம் போட்ட சால்வை, சந்தையில் மிளகு மூட்டையை ஒற்றைக் கையால் புரட்டுகிற தோள்.

“உன் ஆபீஸ் நாற்காலியில மாடு உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுச்சு. இதானே கனவு?”

“கையெழுத்தெல்லாம் போடலை மெய். சும்மா உட்கார்ந்திருந்துச்சு.”

“எழுபத்து மூணு” என்றாள் கோங் சில்டா. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

அடுப்படியிலிருந்து இபான் சிரித்தாள். “அந்த மாடு இவரைவிட நல்லா வேலை பார்க்கும்னு தோணுது. விடும்மா, அவர் கிளம்பட்டும். இன்னைக்கு டைரக்டர் மேடம் வர்றாங்க.”

டைரக்டர் வருவதே ஷான்போரைக் கேள்வி கேட்கத்தான்.

ஊரில் எங்கோ ஒரு திருட்டுக் கவுண்டர் நடந்துகொண்டிருந்தது. லைசென்ஸ் கிடையாது, வரி கிடையாது. எந்த நம்பருக்கும் எவ்வளவு வேண்டுமானாலும் சீட்டு. தையற்கடை, சலூன், பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலிருந்த மாட்டுக் கொட்டகை என்று ஷான்போர் தேடாத இடமில்லை. கிடைக்கவில்லை. டைரக்டர் போன வாரமே போனில் சொல்லிவிட்டார்: “நான் வர்றப்போ அந்தக் கவுண்டரைக் காட்டணும். இல்லைன்னா எல்லையில சுண்ணாம்புக்கல் லாரி எடை போடற இடம் காலியா இருக்கு.”

எல்லை என்றால் மலைக்குக் கீழே, ஒரு பகல் பயணம். இபான் கூட வர முடியாது. கடைக்குட்டி மகள். வீடு, சொத்து, அம்மா, முன்னோருக்குச் செய்ய வேண்டிய கடன் எல்லாம் கடைக்குட்டி தலையில்தான். அவள் வீட்டை விட்டு நகரக் கூடாது. கல்யாணமாகி ஆறே மாதம். இனி மனைவியைக் கிறிஸ்துமசுக்கு ஒருமுறை பார்த்து, கைகுலுக்கிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

“மெய், கடைசியா கேட்கறேன். உங்களுக்குத் தெரியாத ஆள் இந்த ஊர்ல இல்லை. அந்தக் கவுண்டரை யார் நடத்தறாங்க?”

“இந்த ஊர்ல பாதிப் பேர் என் குலம். சொந்தக் குலத்தைக் காட்டிக் கொடுத்தவ செத்தாகூட எலும்பைக் குலக் கல்லறையில சேர்க்க மாட்டாங்க. இந்தப் பேச்சை என்கிட்டே எடுக்காதே.” கோங் சில்டா அவன் தட்டில் ஒரு கரண்டி கருவாட்டுத் துவையலைப் போட்டாள். “சாப்பிடு.”

ஷான்போர் ஐந்து தும்மல் தும்மினான். கருவாட்டு வாசம் பட்டாலே அவனுக்கு மூக்கு அணை உடைந்துவிடும். அது தெரிந்தும் கல்யாணமான நாளிலிருந்து தினமும் தட்டில் கருவாடு.

“சாயங்காலம் வர்றப்போ கருவாடு வாங்கிட்டு வா. ஆபீஸ் டிரைவரை அனுப்பாதே. ஒரு நாளாவது நீயே கடைக்குள்ள போய்ப் பார்த்து வாங்கு.”

“அந்தக் கடை வாசல்ல நின்னாலே உயிர் போயிடும் மெய்!”

“ஆம்பளையா நீ?” என்று மாமியார் எழுந்து போனாள்.

*

வீட்டிலிருந்து சரிவில் இறங்கி, தேவாலயத்தைத் தாண்டினால் கோங் ஆக்னெஸின் டீக்கடை. அவன் வருவதைப் பார்த்ததும் பெஞ்சில் இருந்த ஆறு பேரும் எழுந்து நின்றார்கள். ஷான்போருக்கு மரியாதை கிடைப்பது அபூர்வம். திரும்பிப் பார்த்தான். பின்னால் யாருமில்லை.

“வாங்க பாஹ்!” என்று, அண்ணனை அழைக்கும் மரியாதையோடு, கோங் ஆக்னெஸ் சிவப்பு டீயை நீட்டினாள். “காசு வேணாம். எழுபத்து மூணுக்குப் போட்டுட்டேன். வந்தா வாரம் முழுக்க உங்களுக்கு டீ இலவசம்.”

ஷான்போர் டீயைக் குடிக்காமல் பெஞ்சில் வைத்தான். வீட்டிலிருந்து இங்கே வருவதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டதா? மாமியார் வாய் இருக்கிறதே, அதற்குத் தனியாக ஒரு தந்தி அலுவலகம் திறக்கலாம்.

“கோங், அது சும்மா மாடு. நம்பரெல்லாம் இல்லை.”

“சீட்டு ஆபீஸர் நாற்காலியில மாடு! நாங்க கண்ட கனவா? கணக்குப் பார்க்கறவர் கண்ட கனவு!” என்றார் பெஞ்சில் இருந்த தச்சர்.

எழுபத்து மூன்று வராவிட்டால் ஊர் உதைக்கும். தற்செயலாக வந்து தொலைத்தாலோ, இன்ஸ்பெக்டரே ஆட்டத்தில் தில்லுமுல்லு செய்தார் என்று டைரக்டர் உதைப்பார். முன்னால் போனால் கடிக்கும், பின்னால் போனால் உதைக்கும். கனவில் வந்த மாடு கனவோடு நிற்கவில்லை.

ஒரு பொய் சொன்னால் தீர்ந்துவிடும் என்று தோன்றியது.

“மாடே இல்லைங்க. ஆடு. தூக்கக் கலக்கத்துல மாத்திச் சொல்லிட்டேன். ஆடுதான் உட்கார்ந்திருந்துச்சு.”

ஆறு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் போனை எடுத்தார். “கோங் சில்டா? உங்க மருமகன் ஆடுன்னு சொல்றாரு... ஆங்... ஆங்... சரி.” போனை வைத்தார். “ஆடு நாற்காலியில உட்கார்ந்தாலும் எழுபத்து மூணுதானாம்.”

பெஞ்சே ஆர்ப்பரித்தது.

“கனவே வரலை! நான் தூங்கவே இல்லை!” என்று கத்தினான் ஷான்போர்.

மறுபடியும் போன். மறுபடியும் ஆங், ஆங்.

“ஆபீஸருக்குத் தூக்கம் வராத ராத்திரிக்கும் எழுபத்து மூணுதானாம் பாஹ். ரெண்டு வழியில உறுதி ஆயிடுச்சு. நான் இன்னும் நாலு சீட்டு வாங்கறேன்.”

*

அலுவலகத்தில் கிளார்க் தாரிஹுன் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே எட்டு லைசென்ஸ் கவுண்டர்காரர்கள், எட்டுப் பேர் முகத்திலும் எழவு.

“எழுபத்து மூணு வந்துச்சுன்னா எட்டுக் கடையும் இழுத்து மூட வேண்டியதுதான் பாஹ்” என்று அழுதார் மூத்தவர். “வேற நம்பரே விக்கலை. பாதிரியார் வீட்டுச் சமையல்காரர்கூட வந்து வாங்கிட்டுப் போறார்.”

“எனக்கு ஒண்ணு புரியலை” என்று தாரிஹுன் நகம் கடித்தாள். “எங்க வீட்ல மாட்டுக்கு வேற நம்பர். எங்க பெரியம்மா வீட்லயும் வேற. எழுபத்து மூணுன்னு யாருமே சொல்லிக் கேட்டதில்லை.”

“இப்ப அதுவா முக்கியம்?” என்று ஷான்போர் எரிந்து விழுந்தான்.

வீட்டுக்குப் போன் போட்டான். இபான் எடுத்தாள்.

“உங்கம்மா என்னைக் கொன்னுட்டாங்க இபான். கவுண்டர்காரங்க எல்லாரும் அழறாங்க. நான் என்ன செய்ய?”

பின்னாலிருந்து மாமியாரின் குரல் கணீரென்று கேட்டது. “எழுபத்து மூணு விக்கிறதை நிறுத்தச் சொல்லு! ஆபீஸர்னா சட்டப்படி ஒரு உத்தரவு போட வேண்டியதுதானே! இதைக்கூட நான்தான் சொல்லணுமா?”

அட, நல்ல யோசனைதான். ஒரே நம்பரில் கூட்டம் குவிந்தால் அந்த நம்பரை நிறுத்தி வைக்க அவனுக்கு அதிகாரம் இருந்தது. இதுவரை யாரும் பயன்படுத்தாத அதிகாரம். அரை மணிநேரத்தில் எட்டுக் கவுண்டரிலும் அட்டை தொங்கியது: ‘இன்ஸ்பெக்டர் உத்தரவுப்படி இன்று 73 விற்பனைக்கு இல்லை.’

ஷான்போர் நிம்மதியாக மூச்சு விட்டு, ஒரு பாக்கை வாயில் போட்டான். அதை மெல்வதற்குள் தாரிஹுன் ஓடி வந்தாள்.

“பாஹ், சந்தையே கொந்தளிக்குது! ‘இன்ஸ்பெக்டரே நிறுத்திட்டார்னா இன்னைக்கு அதுதான் வருது, அவருக்குத் தெரிஞ்சு போச்சு’ன்னு பேசறாங்க. இதுவரைக்கும் வாங்காதவங்ககூட நகையை அடகு வெச்சு வாங்கறாங்க!”

“எங்கே வாங்கறாங்க? நான்தான் எட்டுக் கடையிலயும் நிறுத்திட்டேனே!”

தாரிஹுன் கூரையைப் பார்த்தாள். சந்தையில் பாதிப் பேர் அன்று கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கே வாங்குகிறார்கள் என்று இன்ஸ்பெக்டரிடம் மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

*

டைரக்டர் கார்ஷீங் மேடத்தின் ஜீப் மத்தியானம் வந்து நின்றது. மழைத்தூறல். மேடம் இறங்கும்போதே கேட்டார்.

“வழியில டயர் பஞ்சர். பஞ்சர் ஒட்டறவன் என்கிட்டே ‘எழுபத்து மூணு போடுங்க மேடம், ஆபீஸர் கனவு’ங்கறான். எந்த ஆபீஸர்?”

ஷான்போர் நெளிந்தான்.

“திருட்டுக் கவுண்டரைப் பிடிக்கச் சொன்னா, நீ கனவு கண்டு வியாபாரம் பெருக்கறியா?”

“மேடம், மாடு தானா வந்து...”

“வாயை மூடு. இன்னைக்கு இலக்குப் பக்கத்துல நீதான் நிக்கறே. எல்லார் கண் முன்னாலயும் நீதான் எண்ணறே. எழுபத்து மூணு வந்துச்சு, நாளைக்குக் காலையில நீ லாரி எடை போட்டுட்டு இருப்பே. வரலைன்னா...” மேடம் மைதானத்தைப் பார்த்தார். தேர்த் திருவிழாபோலக் கூட்டம். “வரலைன்னா உன்னைக் காப்பாத்த என்கிட்டே ரெண்டே ரெண்டு கான்ஸ்டபிள்தான் இருக்காங்க.”

இனி ஒன்றே ஒன்றுதான் செய்யக் கூடியது. வில்லாளிகளிடம் போய், இந்தக் கூச்சலைக் காதில் வாங்காமல் வழக்கம்போல எய்யுங்கள் என்று கேட்டுக்கொள்வது. நியாயமான வேண்டுகோள்தானே?

மூத்த வில்லாளியின் காதருகே குனிந்து சொன்னான். “பெரியவரே, யாருக்காகவும் கூட்டாதீங்க, குறைக்காதீங்க. எப்பவும்போல விடுங்க.”

பெரியவர் தலையாட்டினார்.

மைதானத்தின் மறுகோடியில் ஒருவன் கூவினான். “பார்த்தீங்களா! ஆபீஸர் காதுல சொல்லிட்டார்! பெரியவர் தலையாட்டிட்டார்!”

கூட்டம் அதிர்ந்தது. கால் உள்ளவர்கள் எல்லாரும் மைதானத்தை விட்டுச் சந்தைச் சந்துகளுக்குள் சிதறி ஓடினார்கள், கடைசி நேரச் சீட்டு வாங்க. ஷான்போர் தலையில் அடித்துக்கொண்டான். தொட்டதெல்லாம் எழுபத்து மூன்றாகிறது.

*

மைதானத்து ஓரத்தில் தகரக் கொட்டகை. அம்புக் கட்டுகளும் இரண்டு பெஞ்சும் கிடந்தன. குளிருக்காக மேடம் யாரிடமோ ஒரு கட்டம் போட்ட சால்வையை இரவல் வாங்கித் தலையோடு போர்த்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டார். பார்த்தால் சந்தைக்கு வந்த ஏதோ ஒரு பெண்மணிதான். ஷான்போர் எதிர் பெஞ்சில் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தான். எய்ய இன்னும் சிறிது நேரமே பாக்கி.

திடீரென்று அவனுக்குத் தும்மல் வந்தது. ஒன்று. இரண்டு. நான்கு. அடுக்கடுக்காக.

“என்ன ஆச்சு?” என்றார் மேடம்.

“க... கருவாடு... ஹாச்!”

வாசலில் நிழல் விழுந்தது. கருவாட்டுக் கடை பாஹ் கிட்போக். குண்டு மனிதர், தேவாலயப் பாட்டுக் குழுவில் அடித்தொண்டைக்காரர். இரண்டு எட்டில் உள்ளே வந்து, ஷான்போரின் காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

“பாஹ்! என்னைக் காப்பாத்துங்க! எழுபத்து மூணு மட்டும் வரக் கூடாது!”

“ஹாச்! விடுங்க காலை! அது என் கையிலயா இருக்கு?”

“உங்க கையிலதான்! பெரியவர் காதுல நீங்க சொன்னதை நானே பார்த்தேன். போய் மாத்திச் சொல்லுங்க. எழுபத்து ரெண்டு வரட்டும், எழுபத்து நாலு வரட்டும், உங்களுக்கு ஆயுசு முழுக்கக் கருவாடு தர்றேன்!”

“ஐயோ, வேணாம்! ஹாச்! ஊரே எழுபத்து மூணு வரணும்னு சாமி கும்பிடுது. கருவாடு விக்கிற உங்களுக்கு என்ன வந்துச்சு?”

“ஊரே என்கிட்டேதானே வாங்கியிருக்கு!” என்று பாஹ் கிட்போக் விம்மினார். “மத்த கடை மூடினாலும் என் கடை மூடாதுன்னு பேர் வாங்கி வெச்சிருக்கேன். இன்னைக்கு மாட்டேன்னு சொன்னா நாளைக்கு ஒருத்தன் வருவானா? கருவாட்டுப் பொட்டலத்துக்குள்ள சீட்டை வெச்சு, வெச்சு, கருவாடே தீர்ந்து போச்சு. வந்தா அந்தக் காசை வெச்சு இங்கே கொடுக்கலாம்னு லைசென்ஸ் கடையில நானே எழுபத்து மூணு வாங்கப் போனேன். அங்கே நீங்க அட்டை தொங்க விட்டுட்டீங்க! இப்ப அந்த நம்பர் வந்தா நான் கருவாடு விக்க முடியாது பாஹ். ஊர் என்னையே கருவாடு ஆக்கிடும்!”

கொட்டகையில் தும்மலும் நின்றுபோனது.

மூலையிலிருந்த சால்வை மெல்ல விலகியது.

“லைசென்ஸ் இருக்கா?” என்றார் டைரக்டர் மேடம், மிகவும் அன்பாக.

பாஹ் கிட்போக் திரும்பிப் பார்த்தார். பிடித்திருந்த காலை விட்டார். பிறகு, பிடிக்க வேறு கால் இல்லாததால், மறுபடியும் ஷான்போரின் காலையே பிடித்துக்கொண்டார்.

*

அதற்குப் பிறகு நடந்ததை லும்சாய் இன்றைக்கும் பேசுகிறது.

கான்ஸ்டபிள்கள் கருவாட்டுக் கூடைகளைச் சுமந்து வந்து மைதானத்தின் நடுவில் கவிழ்த்தார்கள். மீனுக்கு அடியில் பணம், பணத்துக்கு அடியில் சீட்டு. கூட்டம் முணுமுணுத்தது. பிறகு, தங்கள் பணம் போலீசோடு போகப் போகிறது என்பது புரிந்ததும், ஒரு அடி முன்னால் நகர்ந்தது.

மேடம் ஷான்போரைப் பார்த்தார். “சட்டப்படி இதைக் கைப்பற்றி கோர்ட்டுக்கு அனுப்பணும். நீ என்ன சொல்றே இன்ஸ்பெக்டர்?”

அன்று காலையிலிருந்து அவன் எடுத்த முடிவெல்லாம் தவறாகவே முடிந்திருந்தது. ஆனால் எதிரே நின்ற முகங்களைப் பார்த்தான். டீக்கடை கோங் ஆக்னெஸ், தச்சர், பாதிரியார் வீட்டுச் சமையல்காரர், நகையை அடகு வைத்தவர்கள். பயம் எங்கோ போய்விட்டது. பெஞ்சின் மேல் ஏறினான்.

“கேளுங்க! இந்தச் சீட்டு ஒண்ணும் செல்லாது. எழுபத்து மூணு வந்தாலும் உங்களுக்கு ஒரு பைசா வராது. இவர்கிட்டே அவ்வளவு பணம் இல்லை, இருந்தாலும் தர மாட்டார். அதனால அம்பு விடறதுக்கு முன்னாடி, சீட்டைக் கொடுத்துட்டு அவங்கவங்க போட்ட காசை வாங்கிட்டுப் போங்க. ஒரே ஒரு நிபந்தனை. மேடம் முன்னால நின்னு, ‘இந்தச் சீட்டை நான் கருவாட்டுக் கடையில வாங்கினேன்’னு வாயால சொல்லணும்.”

மேடத்தின் புருவம் உயர்ந்தது. எந்த வழக்கிலும் சாட்சி சொல்ல ஆள் வராத ஊர் அது. இப்போது ஊரே வரிசையில் நின்று சாட்சி சொன்னது. “கருவாட்டுக் கடையில வாங்கினேன்.” “கருவாட்டுக் கடையில.” “நானும்தான்.” பாதிரியார் வீட்டுச் சமையல்காரர் மட்டும், “பாதிரியாருக்காக வாங்கினேன்” என்று கூடுதலாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கடைசி ஆளும் காசை வாங்கிக்கொண்டு நகர்ந்தபோது மழை விட்டிருந்தது. பெரியவர் கையை உயர்த்தினார். விற்கள் வளைந்தன. வானத்தில் கொக்குக் கூட்டம் போல அம்புகள் பறந்து போய் வைக்கோலில் தைத்தன.

ஷான்போர் எண்ணினான். அம்பு அம்பாகப் பிடுங்கி, பத்துப் பத்தாகச் சேற்றில் குத்தி, ஊரே கூடச் சேர்ந்து எண்ண, உரக்க எண்ணினான். கடைசி அம்பையும் பிடுங்கி, கடைசி இரண்டு இலக்கத்தைக் கூவினான்.

“முப்பத்தேழு!”



“தலைகீழ்!” என்று தச்சர் அலறினார். “எழுபத்து மூணைத் திருப்பிப் போட்டா முப்பத்தேழு! கனவு சரிதான்யா, நாமதான் தலைகீழாப் படிச்சுட்டோம்! மாடு எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்துச்சுன்னு கேட்காம விட்டுட்டோமே!”

அவ்வளவுதான். ஷான்போர் தரையில் இல்லை. யார் தோள், எத்தனை தோள் என்று தெரியவில்லை. தோள்மேல் தோளாக மைதானத்தைச் சுற்றினான். கவுண்டர்காரர்கள் எட்டுப் பேரும் முன்னால் ஆடிக்கொண்டு போனார்கள். தாரிஹுன் விசில் அடித்தாள். அவளுக்கு விசில் அடிக்கத் தெரியும் என்பதே அன்றுதான் தெரிந்தது. கூட்டத்துக்குள் இபான் இரண்டு கையையும் தூக்கிக் குதித்தாள்.

“வருஷக்கணக்கா யாரும் பிடிக்காத கவுண்டர்!” என்று மேடம் கீழிருந்து கத்தினார். “லாரி எடை போடறதுக்கு வேற ஆளைப் பார்த்துக்கறேன். நீ இங்கேயே இரு. ஆனா இனிமே கனவு கண்டா முதல்ல எனக்குச் சொல்லணும்!”

ஜீப்பில் ஏறப் போன பாஹ் கிட்போக்கை வழியனுப்ப ஒரே ஒருத்திதான் வந்திருந்தாள். கோங் சில்டா. அவர் வாயில் ஒரு பாக்கை வைத்து, சால்வையைச் சரியாகப் போர்த்திவிட்டாள்.

“அபராதம் கட்டிட்டு வந்து சேர். ஒழுங்கா கருவாடு மட்டும் வித்துக்கிட்டு இரு” என்றாள்.

தோளிலிருந்து இறங்கிய ஷான்போர் திகைத்தான். “மெய், இவரும் உங்க குலமா?”

“என் அம்மாவோட தங்கச்சி பையன். நல்லா கேட்டுக்கோ, எங்க குலத்தைப் பத்தி நான் யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசலை.”

“பேசினீங்கன்னு யாரும் சொல்லலையே மெய்!”

“சொன்னா பதில் சொல்றதுக்குத் தயாரா வெச்சிருக்கேன்” என்று மாமியார் பாக்கைத் துப்பிவிட்டு நடந்தாள்.

*

வீடு திரும்பும் வழியில் கோங் ஆக்னெஸ் அவனை விடவில்லை. பெஞ்சில் உட்கார வைத்து, சுடச்சுட அரிசி அடையும் டீயும் கொடுத்தாள். இப்போது ஆறு பேர் இல்லை, அறுபது பேர் எழுந்து நின்றார்கள்.

ஷான்போர் காலை நீட்டிச் சாய்ந்துகொண்டான். ஜெயித்தவனுக்கு வருகிற தத்துவம் அவனுக்கும் வந்தது.

“எல்லாம் நேரம் கோங். யோசிச்சுப் பாருங்க. விடியற்காலையில எனக்கு மட்டும் அந்த மாடு கனவுல வராம இருந்திருந்தா, இன்னைக்கு என்ன நடந்திருக்கும்?”

கோங் ஆக்னெஸ் டீயை ஆற்றிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

“மாடு வராட்டியும் இதேதான் நடந்திருக்கும் பாஹ். உங்க மாமியார் நேத்து சாயங்காலமே வந்து, ‘நாளைக்குக் காலையில என் மருமகன் எழுபத்து மூணு கனவு காணப் போறான், எல்லார்கிட்டயும் சொல்லி வை’ன்னு சொல்லிட்டுப் போனாங்க!”